நாய்க்குமா மருத்துவம்?

ஒரகடத்துச் சாலையிலே பொழுது விடிவதைப் பார்த்திருக்கிறீர்களா, தோழர்களே? சேவல் கூவி விடிவதில்லை அங்கே. கம்பெனிப் பேருந்துகள் ஊதி விடிகிறது. இரவு ஷிப்டு முடித்தோர் கண் சிவந்து இறங்க, காலை ஷிப்டுக்குச் செல்வோர் சோற்றுப் பையுடன் ஏற, புதுக் கார்களைச் சுமந்த நீண்ட டிரெய்லர் வண்டிகள் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையை அதிரச் செய்து விரைகின்றன. ஏரியும் வயலும் மேய்ச்சல் நிலமுமாக இருந்த வட்டாரம் அது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட்–நிசான் ஆலை திறக்கப்பட்டது. 2012இல் டெய்ம்லர் லாரி ஆலை. உடையவர் இராமானுசர் பிறந்த ஊர் என்று மட்டுமே பேசப்பட்டு வந்த திருப்பெரும்புதூர், உலகச் சந்தைக்குப் பொருள் வார்க்கும் உலைக்களமாகிவிட்டது. நாம் அதை வெறுக்கவில்லை. ஏர் பிடித்தவன் மகன் எந்திரம் பிடிப்பது ஏற்றமே என்பது நம் கருத்து.

அந்தச் சாலையின் நடுத்திட்டோரத்தில் ஒரு காலை, செம்பழுப்பு நாயொன்று கிடந்தது. இரவில் எந்த வண்டியோ இடித்துவிட்டுப் போயிருக்கிறது. பின்னங்கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தது. உயிர் இருந்தது, எழுந்திருக்க முயன்று முயன்று விழுந்தது. பள்ளிக்கு வந்து கொண்டிருந்த நம் மாணவர் இருவர் கோணிச் சாக்கொன்றைத் தேடி எடுத்து வந்து, அதிலே அந்த நாயை ஏந்திக்கொண்டு நம்மிடம் வந்தனர். அவர்களிலே இளையவன் கேட்டான்: "அய்யா, இதுக்கு டாக்டர் யாரு?"

பாட நூலில் இல்லாத கேள்வி. பக்கத்தில் நின்றவர் ஒருவர் அதற்கு விடை கூறினார், வேறொரு கேள்வியால். அவர் நம் நண்பர், ஒப்பந்தத் தொழிலாளி, இரவு ஷிப்டு முடித்து வந்தவர். முந்திய ஆண்டு பிரஸ் எந்திரத்தில் அவருடைய வலக்கைச் சுட்டுவிரலின் நுனி போய்விட்டது. அந்தக் கையைக் காட்டிச் சொன்னார்: "வாத்தியாரே, இந்த விரல் துண்டானப்ப, தையல் போட மூணு மணி நேரம் காத்துக் கிடந்தேன். மனுசனுக்கே இந்த லட்சணம். நாய்க்குமா மருத்துவம்?"

நண்பர்களே, இந்தக் கேள்வியை ஏளனம் என்று தள்ளிவிட நம்மால் முடியவில்லை. ஏளனம் செய்பவன் மூன்று மணி நேரம் குருதி சொட்டக் காத்திருந்தவனாக இருக்க மாட்டான். இது துன்புற்றவன் கேட்ட கேள்வி. ஆகவே நேர்மையான கேள்வி. பகுத்தறிவாளர் என்று தம்மைக் கூறிக்கொள்வோர் இதற்கு நேர்மையான விடை கூறியாக வேண்டும். விலங்குகளைக் காப்பதும், காப்பகம் அமைத்து மருத்துவம் பார்ப்பதும் வயிறு நிறைந்தோரின் பொழுதுபோக்கா? வைதிகரின் புண்ணியக் கணக்கா? அல்லது அறிவுடையோர் அனைவருக்கும் உரிய கடமையா? இதுவே நம்முன் உள்ள வழக்கு.

முதலில், நம் நாட்டில் வழங்கிவரும் பழைய விடையைப் பார்ப்போம். நாய் பைரவர் வாகனம், பசு கோமாதா, யானை கணபதி, குரங்கு அனுமான் என்பர் பக்தர். இப்படி ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு தெய்வப் பட்டம் சூட்டியிருக்கிறார்களே, அந்தப் பட்டத்தால் அந்த விலங்குக்கு ஒரு வேளை மருந்து கிடைத்ததா? பைரவர் சந்நிதியில் விளக்கேற்றிவிட்டு வெளியே வருபவர்தான், வாசலில் படுத்த நாயைக் கல்லால் அடிக்கிறார். கோமாதா என்று கும்பிடப்படும் பசு, கறவை நின்றதும் சாலைக்கு விரட்டப்பட்டு, குப்பைத் தொட்டியில் பிளாஸ்டிக் பையைத் தின்று வயிறு வீங்கிச் சாகிறது. பூசை வேறு, பரிவு வேறு. பூசை, செய்பவனின் நன்மைக்காக. பரிவு, பெறுபவனின் நன்மைக்காக.

யானையை எடுத்துக்கொள்ளுங்கள். காடு வாழும் விலங்கு; நாளெல்லாம் நடந்து மேயும் விலங்கு. அதைக் கொண்டு வந்து கருங்கல் தளத்தில் சங்கிலியால் பிணைத்து, நெற்றியில் நாமமோ நீறோ இட்டு, துதிக்கையில் காசு வாங்கப் பழக்கினார்கள். கல்லிலும் சிமெண்டிலும் நின்று நின்று அதன் பாதம் புண்ணாகிறது, நகம் வெடிக்கிறது, மூட்டு வீங்குகிறது. ஆசி வழங்கும் யானைக்கு நோய் தீர்க்க எந்த ஆசியும் வரவில்லை. காஞ்சி மடத்துக்குரிய சந்தியா, இந்து, ஜெயந்தி என்னும் மூன்று பெண் யானைகள், நீதிமன்றம் தலையிட்டதன் பின், 2019இல் திருச்சி மாவட்டத்து எம்.ஆர். பாளையத்தில் வனத்துறை அமைத்த மறுவாழ்வு மையத்துக்குச் சென்று சேர்ந்தன. நாற்புறமும் கோபுரம் சூழ்ந்த நகரம் தராத மண்தரையையும் குளத்தையும், வனத்துறையின் ஒரு வேலிக்குள் அவை கண்டன.

சேலம் சுகவனேசுவரர் கோயில் யானை இராசேசுவரியின் கதை இதனினும் கொடியது. கால் முடங்கி, எழ முடியாமல் படுத்த படுக்கையாகி, உடலெங்கும் புண்ணாகிக் கிடந்தது அந்த யானை. வலியிலிருந்து விடுவிக்க அதற்கு அமைதியான முடிவு தரலாமா என்று 2018 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் வழக்கு வந்தது. மருத்துவர் ஆய்ந்து, தேவையெனில் செய்யலாம் என்று நீதிமன்றம் இசைவு தந்தது. அதற்குள்ளாகவே, ஏப்ரல் 21ஆம் நாள், அந்த யானை தானாக இறந்தது.

தோழர்களே, அந்த வழக்கின்போது "தெய்வ யானையைக் கொல்வதா, பாவம் அல்லவா?" என்ற குரல் எழுந்தது. எண்ணிப் பாருங்கள்! புண் அரிக்கும்போது வராத பாவம், ஊசி போடும்போது வந்துவிடுமாம்! தீராத நோயில் துடிக்கும் விலங்குக்கு வலியில்லா முடிவு தருவதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே. ஆனால் அதற்கு இரு வேலிகள் வேண்டும். தீராது என்று மருத்துவர் உறுதி கூற வேண்டும். செலவு மிகுதி என்பதோ இடம் போதாது என்பதோ காரணமாக இருக்கக் கூடாது. இந்த வேலியைத் தாண்டினால் கருணை என்ற பெயரில் கொலை நடக்கும். வேலிக்குள்ளும் செல்ல மறுத்தால் பாவம் என்ற பெயரில் சித்திரவதை நடக்கும். எல்லையைக் காட்டுவது சாத்திரம் அன்று. உடலை ஆய்ந்த அறிவு.

பழைய விடையின் அடியில் இன்னொரு நஞ்சும் இருக்கிறது. அதுதான் கர்மவினை. "முற்பிறப்பில் செய்த தீவினையால் நாயாகப் பிறந்தது, அனுபவிக்கட்டும்" என்பர். இந்த வாசகத்தை நாம் வேறெங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா? சேரியில் பிறந்தவனைப் பார்த்தும் இதையேதான் சொன்னார்கள். கைம்பெண்ணைப் பார்த்தும் இதையேதான் சொன்னார்கள். துன்பப்படுபவனே தன் துன்பத்துக்குக் குற்றவாளி என்று தீர்ப்பெழுதி, துன்பம் தருபவனை விடுதலை செய்யும் தத்துவம் அது. மனிதனுக்கு அதைப் பொய் என்று கூறிவிட்டு, விலங்குக்கு மட்டும் மெய் என்று விட்டுவைக்க முடியுமா? வினைக் கோட்பாட்டை வேரோடு பறிப்பவன், அந்த நாய் ஏன் துடிக்கிறது என்ற கேள்விக்கு ஒரே விடைதான் கூற முடியும்: வண்டி மோதியது, எலும்பு முறிந்தது, நரம்பு வலியைச் சுமந்து மூளைக்குச் செல்கிறது. அதே எலும்பு, அதே நரம்பு, அதே வலி நமக்கும் உண்டு.

இனி, பழைய விடைக்கு நேர் எதிரான விடை. விலங்கு வெறும் எந்திரம். அதன் அலறல் சக்கரத்தின் கிறீச்சொலி போன்றதே என்ற கருத்து 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் தெக்கார்த்தின் வழியே ஐரோப்பாவில் பரவியது. அதை அறிவே வென்றது. 1789இல் வெளியான தம் நூலொன்றில், ஆங்கில அறிஞர் பெந்தாம், விலங்குக்குப் பகுத்தறிவு உண்டா, பேச்சு உண்டா என்று கேட்பது பொருளற்றது என்றும், அது துன்புற வல்லதா என்பதே கேட்க வேண்டியது என்றும் வாதிட்டார். அடிமைகளையும் அவர் அதே இடத்தில் நினைவூட்டினார். தோலின் நிறம் ஒருவனை வதைக்க உரிமை தராது என்றால், கால்களின் எண்ணிக்கை மட்டும் எப்படித் தரும் என்பது அவர் வாதத்தின் சாரம். 1871இல் டார்வின், மனித மனத்துக்கும் உயர் விலங்குகளின் மனத்துக்கும் உள்ள வேறுபாடு அளவில்தான், வகையில் இல்லை என்று நிறுவ முனைந்தார். 2012இல் கேம்பிரிட்ஜில் கூடிய மூளை ஆய்வாளர்கள், உணர்வுநிலைக்கு வேண்டிய நரம்பமைப்பு மனிதனுக்கு மட்டும் உரியதன்று என்று அறிவித்தனர். ஆன்மா என்ற ஒன்றைத் தேடிப் போக வேண்டிய தேவையே இல்லை. நரம்பு போதும். அய்யுறவுக்கு இடமில்லாத அந்தச் சான்றின் மேல் நம் கடமையைக் கட்டலாம்.

"இதெல்லாம் மேனாட்டுச் சரக்கு" என்பவருக்கு ஒரு செய்தி. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகன் தன் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் இரு வகை மருத்துவத்தைக் குறிக்கிறான்: மனிதருக்கான மருத்துவம், விலங்குகளுக்கான மருத்துவம். மருந்துச் செடி இல்லாத இடங்களில் வருவித்து நடச் செய்ததையும், வழிகளில் கிணறு தோண்டியதையும் கூறுகிறான். தன் ஆட்சிக்கு வெளியே இருந்த நாடுகளையும் அங்கே பெயர் சொல்லிக் குறிக்கிறான். சோழரும் பாண்டியரும் சேரரும் அப்பட்டியலில் உண்டு. ஈராயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன், தமிழகத்தின் பெயர் விலங்கு மருத்துவத்தோடு ஒரே கல்லில் பொறிக்கப்பட்டது. அந்தக் கல்லில் யாகம் இல்லை, பரிகாரம் இல்லை. மருந்தும் வேரும் கனியும் கிணறும்தான் இருக்கின்றன. நாம் போற்ற வேண்டிய மரபு இதுவே.

சட்டத்தின் கதையையும் பார்ப்போம். 1952இல் மாநிலங்களவை உறுப்பினரான ருக்மிணி தேவி, விலங்கு வதைத் தடுப்புக்காகத் தனியார் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அவருடைய ஆன்மிகக் கொள்கைகளுக்கும் நமக்கும் வெகு தொலைவு. எனினும் அந்த முயற்சியின் விளைவாக 1960இல் சட்டம் வந்தது. 1962இல் விலங்குகள் நல வாரியம் வந்தது. அவரே அதன் முதல் தலைவர். நற்செயலை யார் செய்தாலும் நற்செயல் என்போம். ஆனால் சட்டத்தைப் படித்துப் பாருங்கள்! விலங்கை வதைத்தவனுக்கு முதல் குற்றத்துக்குத் தண்டம் பத்து உரூபாய்க்குக் குறையாமல், அய்ம்பது உரூபாய்க்கு மேற்படாமல்! ஒரு வேளைச் சாப்பாட்டின் விலை! அதோடு 28ஆம் பிரிவு, மதம் கோரும் முறையில் கொன்றால் அது இச்சட்டப்படி குற்றமன்று என்று ஒதுங்கிக்கொள்கிறது. கடவுளின் பெயரால் வருபவனுக்கு மட்டும் கதவு திறந்திருக்கிறது. வலி ஒன்றே அளவுகோல் என்றால், கத்தியை ஏந்தியவனின் மதம் என்ன என்று சட்டம் ஏன் கேட்க வேண்டும்?

இப்போது தெருநாய்க்கு வருவோம்; நம் நண்பர் கேட்டது அதைப் பற்றித்தான். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் தெருநாய்கள் ஒரு கோடியே 53 இலட்சம். 2024இல் நாடெங்கும் பதிவான நாய்க்கடிகள் 37 இலட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 4 இலட்சத்து 80 ஆயிரம். வெறிநோய் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. கடிபடுவோர் யார்? காரில் செல்பவர் அல்லர். விடியலில் நடந்து செல்லும் துப்புரவுத் தொழிலாளி, இரவு ஷிப்டு முடித்து மிதிவண்டியில் திரும்புபவன், தெருவில் விளையாடும் ஏழைக் குழந்தை. ஆகவே "நாயை ஒன்றும் செய்யாதே, அது வாயில்லாச் சீவன்" என்று மாடியில் நின்று பேசுவதும் அறமாகாது. குழந்தையின் சாவைக் காணாத பரிவு, அரைப் பரிவு.

கொன்றுவிடலாமா? சென்னையில் நூறாண்டுக்கு மேல் அதைத்தான் செய்து பார்த்தார்கள். நாய் குறையவில்லை. ஒரு தெருவின் நாய்களை ஒழித்தால், அங்கே குப்பையும் எச்சிற்சோறும் இருக்கும்வரை அடுத்த தெருவின் நாய்கள் வந்து குடியேறும். தடுப்பூசி போடாத நாய்களாக வரும். 1959இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் அமைப்பு, 1964இலேயே, கருத்தடை அறுவையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடும் முறையை முன்வைத்தது. மாநகராட்சி அதை ஏற்க 1996 ஆயிற்று. 2001இல் அது நாடு முழுமைக்கும் விதியாயிற்று. 2023இல் புதிய விதிகள் வந்தன. ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் வெறிநோயின் சங்கிலி அறும் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் கணக்கு. நாயின் உடலில் போடும் ஊசி, நம் குழந்தையின் உயிருக்குப் போடும் வேலி! நண்பர் பிரித்துப் பார்த்த இரண்டும் இங்கே ஒன்றாகி நிற்கின்றன.

2025 ஆகஸ்ட் 11இல் உச்சநீதிமன்றம், தில்லி வட்டாரத் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு ஆணையிட்டது. ஆகஸ்ட் 22இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோயுற்றவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு என்றது. நவம்பர் 7இல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் போன்ற இடங்களின் நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் வைக்க வேண்டும், மீண்டும் அங்கே விடக் கூடாது என்று ஆணை வந்தது. பள்ளி வளாகத்தில் குழந்தைக்குக் காப்பு வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. நாம் கேட்பது ஒன்றே: அந்தக் காப்பகம் எப்படிப்பட்டது?

நான்கு சுவரும் ஒரு பூட்டும் இருந்தால் அது காப்பகம் ஆகிவிடுமா? காப்பகம் என்றால் என்ன என்று மருத்துவ அறிவு தெளிவாகவே கூறுகிறது. புதிதாக வரும் விலங்கைத் தனியே வைத்து நோய் பார்க்க வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்குத் தடுப்பூசி வேண்டும். குட்டிகளும் நோயுற்றவையும் வலியவற்றோடு கலவாமல் தனிக் கூடம் வேண்டும். தரை நாள்தோறும் கழுவப்பட வேண்டும். உண்ணி ஒழிக்கப்பட வேண்டும். வந்தது, போனது, இறந்தது, இறந்த காரணம் ஆகியவற்றுக்குப் பதிவேடு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அன்றாடம் வந்து பார்க்கும் மருத்துவர் வேண்டும். அய்ம்பது நாய்க்கான இடத்தில் இருநூறு நாய்களைத் திணித்தால், ஒரு குட்டியின் வயிற்றுப்போக்கு ஒரு வாரத்தில் ஒரு கூடத்தையே காலியாக்கும். தெருவில் தனித்தனியே நிகழ்ந்த சாவு, சுவருக்குள் கூட்டமாக நிகழும். வேறுபாடு ஒன்றுதான்: தெருவில் நிகழ்ந்தது கண்ணுக்குத் தெரிந்தது.

நன்கு நடத்தப்படும் இடத்திலும் நோய் புகும். ஒரகடத்துச் சாலை சென்று முடியும் வண்டலூரில் இருக்கிறது அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, 1985இல் திறக்கப்பட்டது. 2021 சூனில் அங்கே சிங்கங்களைக் கொரோனா தொற்றியது. சூன் 3இல் ஒன்பது வயதுப் பெண் சிங்கம் நீலா இறந்தது. சூன் 16இல் பன்னிரண்டு வயதுப் பத்மநாதன் என்னும் ஆண் சிங்கமும் இறந்தது. மாதிரிகளை ஆய்ந்தபோது, அந்நாளில் மனிதரைக் கொன்று கொண்டிருந்த அதே டெல்டா வகைத் தொற்றே அவற்றிலும் இருப்பது தெரிந்தது. கிருமிக்கு வருணாசிரமம் தெரியாது. மனிதன், விலங்கு என்ற வரப்பும் தெரியாது. கால்நடை மருத்துவரும், ஆய்வுக்கூடமும், பதிவேடும் இருந்ததால் அங்கே உண்மை வெளிவந்தது; மற்றச் சிங்கங்களுக்கு மருத்துவம் நடந்தது. இவை எவையும் இல்லாத கொட்டகையில் என்ன நிகழும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இப்போது நண்பரின் விரலுக்குத் திரும்புவோம். "மனிதனுக்கே இல்லை, நாய்க்குமா?" என்றார் அவர்.

ஒரே ஒரு தடுப்பூசி இருந்து, குழந்தைக்கும் நாய்க்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்தால், குழந்தைக்கே என்போம், தயங்க மாட்டோம். ஆனால் நண்பரே, உமக்கு மூன்று மணி நேரம் தையல் கிடைக்காமற் போனது, அந்த நேரத்தில் மருத்துவர் ஏதோ ஒரு நாய்க்குத் தையல் போட்டுக் கொண்டிருந்ததாலா? இல்லையே! உம்முடைய பங்கை நாய் தின்னவில்லை. 2021 டிசம்பரில், இந்தத் தொழிற்பாதையின் கைப்பேசி ஆலைப் பெண் தொழிலாளர் தங்கிய விடுதியில், கெட்ட உணவு உண்டு நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நெரிசலான அறைகளில் தரையில் படுத்துறங்கிய பெண்கள் அவர்கள். பொறுக்க மாட்டாமல் பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறித்தார்கள். அதன் பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண்களை விலங்கோடு ஒப்பிடுகிறோம் என்று எவரும் திரிக்க வேண்டா. அடைத்து வைக்கும் கணக்கைத்தான் ஒப்பிடுகிறோம். ஓர் உயிருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கேளாமல், ஓர் இடத்தில் எத்தனை உயிரைத் திணிக்கலாம் என்று கேட்கும் கணக்கு ஒன்றேதான். அந்தப் பெண்களுக்கு வாய் இருந்தது, கூட்டம் இருந்தது, சாலையில் அமரும் துணிவு இருந்தது. விலங்குக்கு அந்த மூன்றும் இல்லை. ஆகவே அதற்காகப் பேசுபவன் மனிதனாகத்தான் இருக்க வேண்டும்.

மறுபக்கத்தாருக்கும் ஒரு சொல். விலங்கின் பேரால் மனிதனை மிதிப்பவர் உண்டு. 2016 சூலையில் குசராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தாழ்த்தப்பட்ட இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தார்கள், பசுவின் காவலர்கள்! செத்த மாட்டுக்குக் காட்டிய அருள், உயிருள்ள மனிதனுக்கு இல்லை. அதற்கு அருள் என்று பெயரில்லை. சாதித் திமிர் என்று பெயர். அதுபோலவே, காப்பகத்தின் கழிவை அள்ளுபவர் யார், கூண்டுக்குள் கை விடுபவர் யார் என்றும் கேட்போம். அவர்களும் குறைகூலித் தொழிலாளர்களே. கடிபடும் முன்னரே போட வேண்டிய வெறிநோய்த் தடுப்பூசி அவர்களுக்குப் போடப்பட்டதா? கையுறை உண்டா? வார விடுமுறை உண்டா? தொழிலாளியை வதைத்து நாயைக் காக்கும் காப்பகத்தை நாம் ஏற்கமாட்டோம்.

பணத்துக்கு வழி? வழி இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஈட்டும் நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு இரண்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அப்பணிகளின் பட்டியலில் மனித மருத்துவமும் இருக்கிறது, விலங்கு நலமும் இருக்கிறது. இத்தனை ஆலைகள் நிறைந்த பாதையில், விபத்துற்ற தொழிலாளிக்கு ஒரு முழுநேர மருத்துவமனையும், விபத்துற்ற விலங்குக்கு ஓர் அறுவைக்கூடமும் எழுப்பப் பணமில்லை என்றால் யார் நம்புவார்? இரண்டையும் சேர்த்தே கேட்போம். ஒன்றைக் கேட்பவன் மற்றொன்றுக்குப் பகைவன் என்று நம்மைப் பிரித்து வைப்பதே, இரண்டையும் தர விரும்பாதவருக்கு வசதி.

இளைஞர்களே, உங்கள் ஊராட்சியின் கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: நம் ஊரில் எத்தனை நாய்கள், எத்தனைக்குத் தடுப்பூசி? கால்நடை மருந்தகத்தில் மருத்துவர் எந்நேரம் இருப்பார்? அரசு மருத்துவமனையில் நாய்க்கடி மருந்து கையிருப்பு உண்டா? கடித்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், மிளகாய்ப் பொடியும் மந்திரிப்பும் உதவா, உடனே ஊசி போட வேண்டும் என்பதை வீடு வீடாகச் சொல்லுங்கள். 1885இல் பாசுட்டர் ஒரு சிறுவனுக்கு முதல் ஊசி போட்டு வழி காட்டிவிட்டார். நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நாய்க்கடிக்குத் தாயத்துக் கட்டுகிறவன் இருப்பது நமக்கு இழுக்கு.

நம் அரசியல் சட்டத்தின் 51-ஏ பிரிவு குடிமக்களின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. அதில் ஓர் உட்பிரிவு, உயிர்களிடம் பரிவு கொள்வதைக் கடமையாக்குகிறது. அதற்கு அடுத்த உட்பிரிவு, அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் சீர்திருத்த நாட்டத்தையும் கடமையாக்குகிறது. அடுத்தடுத்த இரண்டு வரிகள். பரிவில்லாத அறிவு கசாப்புக்காரனின் கணக்கு. அறிவில்லாத பரிவு, புண்ணான யானைக்குச் சூட்டிய பூமாலை.

அந்த நாய் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அருகிலிருந்த மருந்தகம் திறக்கும்வரை காத்திருந்தோம். கட்டுப் போட்ட மருத்துவர், எலும்பு அறுவைக்கு வேப்பேரிக் கால்நடை மருத்துவமனைக்குத்தான் கொண்டு போக வேண்டும் என்றார். நாற்பது கிலோமீட்டருக்கு மேல். ஆட்டோ பிடித்தோம். ஆட்டோக் கூலியில் பாதியைக் கொடுத்தவர் யார் தெரியுமா? விரல் இழந்த அந்த நண்பர்தான். "நாய்க்குமா?" என்று கேட்ட அதே வாய், "பாத்துக் கொண்டு போங்க, குலுங்கப் போகுது" என்றது. நாய் பிழைக்கவில்லை, போகும் வழியிலேயே இறந்தது. திரும்பி வந்து மாணவர்களிடம் சொன்னோம். இளையவன் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டுக் கேட்டான்: "கிட்டத்துலயே இருந்திருந்தா பிழைச்சிருக்குமா, அய்யா?"

பிழைத்திருக்கும். நண்பரின் விரலுக்கும் அதே விடைதான்.